செவு: முத்துக்கு விலை போட்ட சூத்திரம்

பொருளாதாரப் பாடங்களில் முத்து அடிக்கடி எட்டிப் பார்க்கும். 1831-ல் ரிச்சர்ட் வாட்லி என்ற ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியரின் விரிவுரைகள் புத்தகமா வந்தன. அதில் அவர் கேட்கும் கேள்வி: உயிரைப் பணயம் வைத்து மூழ்கி எடுப்பதால் முத்துக்கு விலை வந்ததா, இல்லை விலை இருப்பதால் மூழ்குகிறார்களா? இரண்டாவதுதான் என்பது அவர் பதில். அதாவது விலை உழைப்பிலிருந்து வரவில்லை, வாங்குபவனின் ஆசையிலிருந்து வருகிறது.

சரி, ஒத்துக்கலாம். ஆனா அந்த ஆசையை எப்படி அளப்பது? ஒருத்தன் ஒரு முத்துக்கு 3 ரூபாயும் இன்னொன்றுக்கு 300 ரூபாயும் ஏன் தர்றான்? வாட்லி அதுக்குள்ளே போகலை. தூத்துக்குடியிலும் எதிர்க்கரை மன்னாரிலும் முத்து வாங்கின செட்டிகளும் மரைக்காயர்களும் போயிருக்காங்க. அவங்க கையில் இருந்தது சில பித்தளைச் சல்லடைகள், ஒரு தராசு, ஒரு சூத்திரம்.

முதலில் சல்லடை. இதற்குப் பெயர் 'பெட்டி'. மொத்தம் 10. முதல் பெட்டியில் 20 துளை, அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1000. பெட்டியின் அளவு ஏறக்குறைய ஒன்றே என்பதால் துளைகள் கூடக்கூட ஒவ்வொரு துளையும் சிறுக்கும். 20-ம் பெட்டியில் தங்கினால் பெரிய முத்து, 1000-ம் பெட்டியில் தங்கினால் பொடி. அப்புறம் ஒவ்வொரு அளவையும் தரம் பிரிப்பாங்க. உருண்டை, ஒளி இரண்டிலும் குறையில்லாதது ஆணி (ஆணிமுத்து என்ற சொல் இன்னும் நம்ம பேச்சில் இருக்கு). அங்கிருந்து கீழே இறங்கி குருவல், தூள் வரை தனித்தனிப் பெயர்கள்.

இதுக்கு அப்புறம்தான் கணக்கு. முத்துகளை மஞ்சாடி எடையில் நிறுத்து, அந்த எடையை அதனாலேயே பெருக்கி, அதில் முக்கால் பங்கு எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுக்கணும். வருவது 'செவு'. ஆங்கில ஆவணங்களில் இந்தச் சொல்லைப் பலவிதமா எழுதியிருக்காங்க.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 4 மஞ்சாடி எடையுள்ள ஒரே முத்து: 4 × 4 = 16, அதில் முக்கால் 12. ஆக 12 செவு. இப்போ அதே 4 மஞ்சாடி எடை, ஆனா தலா 1 மஞ்சாடியா 4 முத்து: 16-ல் முக்கால் 12, அதை 4-ஆல் வகுத்தால் 3 செவு. எடை ஒன்றே, மதிப்பு நாலில் ஒன்று. தனியா ஒரு 1 மஞ்சாடி முத்தைக் கணக்கிட்டால் முக்கால் செவு, நாலு சேர்ந்தால் 3. ஒரே அளவு முத்துகளைத் தனியா போட்டாலும் மொத்தமா போட்டாலும் விடை மாறாது. எழுதினவன் டெஸ்ட் பண்ணித்தான் எழுதியிருக்கான்!

கவனிக்க வேண்டியது, செவு என்பது விலை இல்லை. அது அளவு. ஒரு செவுக்கு இத்தனை நட்சத்திர வராகன் என்று தரத்துக்குத் தகுந்தபடி சந்தை சொல்லும். பொடி முத்துக்கு இந்தப் பெருக்கலே கிடையாது, எடைக்கு விலை, அவ்வளவுதான். ஆக முத்து என்ற பொருளை உருண்டை, ஒளி, பருமன் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மனுஷன் எவ்வளவு தருவான் என்று தனித்தனியா விலை வைத்திருக்காங்க. பெரிய முத்து அபூர்வம் என்பது அந்த வர்க்கப் பெருக்கலுக்குள் வந்துவிடுகிறது.

இதையே கல்லூரிப் பொருளாதாரம் 20-ம் நூற்றாண்டில் தேடிப் போயிற்று. 1920-களின் கடைசியில் ஃபிரெடரிக் வாஃப், பாஸ்டன் சந்தையில் ஆஸ்பரகஸ் கட்டின் விலை அதன் பச்சை நிறத்தின் நீளத்தைப் பொறுத்து எப்படி மாறுது என்று கணக்கிட்டார். 1939-ல் ஆண்ட்ரூ கோர்ட் கார்களுக்கு அப்படிச் செய்து 'ஹெடோனிக்' என்று பெயர் வைத்தார். மக்கள் பொருளை வாங்கவில்லை, அதிலுள்ள பண்புகளை வாங்குகிறார்கள் என்ற கோட்பாட்டை 1966-ல் கெல்வின் லங்காஸ்டர் முறையா எழுதினார். செட்டிகள் கோட்பாடு எழுதலை. ஆனா செவு போடுவதும் அதே வேலைதான் என்பது என் கருத்து.

முத்தாகக் கையில் வந்த பிறகு இது சரி. சலாபத்தில் விற்றதோ திறக்காத சிப்பி, ஆயிரக் கணக்கில் ஏலம். உள்ளே என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. அதனால் சலாபம் அறிவிக்கும் முன்னாடி பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அழுக வைத்து, கழுவி, கிடைத்த முத்துகளை வியாபாரிகளைக் கொண்டு மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று சொல்வாங்க. அரசின் கையில் இருந்த கணிப்பு அதுதான். ஆனா ஏல விலை அதோடு நிற்காது. யாருக்கோ பெரிய முத்து கிடைச்சதுன்னு கரையில் பேச்சு கிளம்பினா போதும். 1803-ல் ராபர்ட் பெர்சிவல் இலங்கைச் சலாபத்தைப் பற்றி எழுதும்போது, திறக்காத சிப்பியை வாங்கி அதிர்ஷ்டம் பார்ப்பதை லாட்டரி என்றே சொல்கிறார்.

இந்த ஏற்ற இறக்கம் குளியாள் தலையிலும் விழுந்தது. இலங்கையில் பெரிய வேட்டையான 1905 சலாபத்தில் கூலி பணமா கிடையாது. எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்குதான் கூலி, மீதி அரசுக்கு. அன்னிக்குச் சந்தை சரிந்தால், மூச்சடக்கி இறங்கினவன் கூலியும் சரியும். வாட்லியின் வாதத்துக்கு இதைவிடக் கசப்பான நிரூபணம் வேண்டாம்.

சூத்திரத்தில் விட்டுப்போன ஒரு பண்பு இருந்தது. அதை யாரும் பண்பாகவே நினைக்கலை. ஜப்பானில் மிகிமோட்டோ கம்பெனி வளர்த்த உருண்டை முத்துகள் 1921-ல் லண்டன் சந்தைக்கு வந்தபோது வியாபாரிகள் பதறினாங்க. சிப்பிக்குள் ஓட்டு மணி ஒன்றை வைத்து, அதன்மேல் சிப்பியே பூசின முத்து. உருண்டை சரி, ஒளி சரி, எடை சரி. சல்லடைக்கும் தராசுக்கும் வித்தியாசம் தெரியாது. பிரித்துச் சொல்வதற்காகவே 1925-ல் லண்டனில் ரத்தினச் சோதனைக் கூடம் ஒன்று திறந்தாங்க. 'தானா விளைந்ததா' என்ற கேள்விக்கு அதுவரைக்கும் தனி விலை கிடையாது, ஏன்னா எல்லாமே தானா விளைந்ததுதான். 1930-ல் முத்துச் சந்தை நொறுங்கியது. உலகப் பொருளாதாரச் சரிவுக்கும் அதில் பங்கு உண்டு.

தூத்துக்குடியில் 1926 முதல் 1928 வரை சலாபம் நடந்தது. அடுத்தது 1955-ல் தொடங்கி 1961-ல் முடிந்தது. தேவை குறைந்தது மட்டும் காரணம்னு சொல்ல மாட்டேன். பாரில் சிப்பி வருவதும் வராததும் எந்தக் காலத்திலும் யார் கணக்குக்கும் அடங்கினதில்லை. 1906-ல் இலங்கைப் பார்களை 20 வருஷத்துக்குக் குத்தகை எடுத்த கம்பெனி, 1907-க்குப் பிறகு சிப்பியே இல்லாமல் மூழ்கிப் போச்சு.

1973-ல் தூத்துக்குடியிலேயே, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில், அழகர்சாமி என்ற விஞ்ஞானி இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை எடுத்தார். சிப்பி அதே மன்னார் வளைகுடா இனம்தான். பழைய செட்டி யாராவது இருந்து அதைப் பெட்டியில் போட்டு, நிறுத்து, செவு கணக்கிட்டிருந்தால், தயங்காமல் ஒரு எண் சொல்லியிருப்பார்.