12 கையெழுத்து

1991 ஜூன் 25. ஸ்லோவேனியாவும் குரோவேஷியாவும் யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்துவிட்டதாக அறிவித்தன. இரண்டே நாளில் சண்டை. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அப்போது ஐரோப்பிய சமூகம் என்று பெயர், 12 நாடுகள். சமரசம் பேச மூன்று அமைச்சர்களை அனுப்பினார்கள். அவர்களில் ஒருவரான லக்சம்பர்க்கின் ஜாக் பூஸ், இது ஐரோப்பாவின் நேரம், அமெரிக்காவின் நேரம் அல்ல என்றார். பனிப்போர் முடிந்த தெம்பு!

முதல் சுற்றில் வெற்றிதான். ஜூலை 7 பிரியோனி ஒப்பந்தத்தோடு ஸ்லோவேனியாவில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. ஆனால் போர் குரோவேஷியாவுக்கு நகர்ந்தது. ஐரோப்பா அனுப்பிய கண்காணிப்பாளர்கள் வெள்ளை உடையில் வந்தார்கள், கையில் ஆயுதம் கிடையாது. 87 நாள் முற்றுகைக்குப் பின் நவம்பர் 18 அன்று வூகோவார் நகரம் விழுந்தது.

படை இல்லாதது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்கும் என்பது. கூட்டு வியாபாரத்தில் 12 பங்குதாரர்களும் கையெழுத்துப் போட்டால்தான் செக் செல்லும் என்று வைத்துக்கொள்ளுங்கள், கடை எப்படி ஓடும்?

டிசம்பர் 10 அன்று மாஸ்ட்ரிக்ட்டில் இனி பொதுவான வெளியுறவுக் கொள்கை என்று முடிவெடுத்தார்கள். ஆறே நாளில் பிரஸ்ஸல்ஸில் நள்ளிரவு தாண்டியும் வாக்குவாதம். புதிய நாடுகளை உடனே அங்கீகரிக்க வேண்டும் என்றது ஜெர்மனி. அவசரப்பட்டால் சமாதானப் பேச்சு கெடும் என்று எச்சரித்தார், அந்தப் பேச்சை நடத்திய பிரிட்டனின் காரிங்டன். ஜனவரி 15-ல் பார்த்துக்கொள்ளலாம் என்று கலைந்தார்கள். ஜெர்மனி டிசம்பர் 23 அன்றே அறிவித்துவிட்டது!

இத்தனைக்கும், யாருக்குத் தகுதி உண்டு என்று பார்க்க அவர்களே பாடின்டர் என்ற பிரெஞ்சு நீதிபதியின் தலைமையில் ஒரு குழுவை நியமித்திருந்தார்கள். ஸ்லோவேனியா, மாசிடோனியா இரண்டும் தேறின. குரோவேஷியா சிறுபான்மையினர் பாதுகாப்பில் இன்னும் செய்ய வேண்டும் என்றது குழு. வந்த முடிவோ, ஸ்லோவேனியாவுக்கும் குரோவேஷியாவுக்கும் அங்கீகாரம், மாசிடோனியாவுக்கு இல்லை. அது தன் வட மாகாணத்தின் பெயர் என்று கிரீஸ் மறுத்துவிட்டது. ஒரு கையெழுத்து குறைந்தது, அவ்வளவுதான்.

1992-ல் போர் போஸ்னியாவுக்குப் பரவியது. சுமார் ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். 1995 நவம்பரில் சமாதானம் பேசி முடிக்கப்பட்ட இடம் டேட்டன், அமெரிக்காவின் ஒரு விமானப்படைத் தளம்.

ஐரோப்பிய ஒன்றியம் தன் முதல் ராணுவப் பணிக்கு ஆள் அனுப்பியது 2003 மார்ச்சில்தான். போன இடம் மாசிடோனியா. அப்போதும் அந்த நாட்டின் பெயர் தகராறு தீரவில்லை. 2019-ல் வட மாசிடோனியா என்று மாற்றிக்கொண்ட பிறகே கிரீஸ் சமாதானமானது.