தெருக்கூத்தில் கட்டியக்காரன்: குணம் மாறி வந்த வரலாறு

தெருக்கூத்தில் முதலில் களத்துக்கு வந்து, விடியும்வரை அதைவிட்டு அகலாமல் இருக்கும் பாத்திரம் கட்டியக்காரன். அர்ச்சுனன், கர்ணன், துரியோதனன் என்று கதைத்தலைவர்கள் நாளுக்கு நாள் மாறுவார்கள், கட்டியக்காரன் மாறுவதில்லை. ஆனால் அவன் குணம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்கள் இக்கூத்து வேரூன்றிய பகுதிகள். காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர், திருப்புலிவனம் வட்டாரமும் இந்த நிலப்பரப்பில் அடங்கும்.

கட்டியம் என்றால் அரசனின் விருதுப் பெயர்களையும் புகழையும் உரக்கச் சொல்லி அவன் வருகையை அறிவித்தல். அதைச் சொல்பவன் கட்டியக்காரன். (சீவக சிந்தாமணியில் சச்சந்தனைக் கொன்று அரசைப் பறிக்கும் அமைச்சனின் பெயர் கட்டியங்காரன். மாணவர்கள் தேர்வுத்தாளில் இருவரையும் குழப்பிவிடுவதுண்டு.) பதினெட்டாம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியின் தொடக்கத்தில் கட்டியக்காரன் வந்து, குற்றாலநாதரின் பவனியை அறிவிக்கிறான். அங்கே அவன் கோல் பிடித்த பணியாள். அறிவிப்பதோடு அவன் வேலை முடிகிறது.

கூத்தில் அவன் வேறு ஆளாகிவிடுகிறான். வேடம் கட்டிய அரசர்கள் கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்து, திரைக்குப் பின்னிருந்து பாடிக்கொண்டு வருவார்கள். கட்டியக்காரனுக்கு இந்தக் கட்டைகள் கிடையாது. எளிய உடையும் ஒரு குல்லாயும் போதும். அரசனிடம் பெயர், ஊர், வந்த காரணம் எல்லாம் கேட்டுச் சபைக்குத் தெரியவைப்பவன் அவனே. அரசன் செந்தமிழில் பேசினால் இவன் ஊர்ப் பேச்சில் பதில் சொல்வான். அரசனின் பெருமையைச் சொல்ல வந்தவன், அதே வாயால் அந்தப் பெருமையைக் கேலி செய்யத் தொடங்கியதுதான் இப்பாத்திரத்தின் பெரிய திருப்பம்.

ஓர் இரவிலேயே அவன் பலராகிறான். வாயிற்காவலன், தேரோட்டி, தூதன், அரண்மனைத் தாதி, வழிப்போக்கன் என எந்த இடம் காலியோ அங்கே போய் நிற்பான். நடுநிசிக்குமேல் கூட்டம் தூங்கி வழியும்போது எழுப்புவதும் அவன் பொறுப்புதான். அச்சில் வந்த கூத்து நூல்களில் அவனுக்கு ஒரு வரவுப் பாட்டும் சில வசனங்களும் இருக்கும். மீதியெல்லாம் நடிகரின் சமயோசிதம். குடிதண்ணீர்த் தட்டுப்பாட்டையும் ஊர்ப் பெரிய மனிதரின் கஞ்சத்தனத்தையும் அத்தினாபுரத்துக்குள் அவன் கொண்டுவந்துவிட முடியும். நேரில் கேட்க முடியாத கேள்வியை வேடம் போட்டுக் கேட்கும் உரிமை இது. சாதிக் கட்டுப்பாடுகள் இறுகிய கிராமங்களில் இதன் மதிப்பு சிறியதல்ல. அதே உரிமை பெண்களையும் எளியவர்களையும் இழிவாகப் பேசப் பயன்பட்டதும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அவன் குணத்தின் ஆழம் தெரியும் இடம் துகிலுரிதல். திரௌபதியம்மன் கோயில் பாரத விழாக்களில் இக்காட்சியை ஊர் வேடிக்கையாகப் பார்ப்பதில்லை. கற்பூரம் ஏற்றிக் கைகூப்பிப் பார்க்கிறது. துரியோதனனின் ஏவலாளாக நிற்பவன் அதுவரை எல்லாவற்றையும் கிண்டல் செய்தவன். இங்கேயும் அவன் சிரிக்கவைக்க முயன்றால் காட்சி பாழாகும். தேர்ந்த நடிகர் இந்த இடத்தில் கேலியை அடக்கி, சபையில் நிற்கும் ஒரு சாதாரண மனிதனின் பதைப்பைக் காட்டுவார்.

நீண்டகாலம் ஓடும் நகைச்சுவைத் தொடர்களில் இதற்கு எதிரான போக்கு காணப்படுகிறது. அமெரிக்காவில் 1989 முதல் ஒளிபரப்பாகும் சிம்ப்சன்ஸ் தொடரில் பக்கத்து வீட்டுக்காரர் நெட் பிளாண்டர்ஸ் முதலில் நல்ல அண்டை வீட்டார். பக்தி அவர் குணங்களுள் ஒன்று. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த ஒரு குணமே அவர் முழு உருவம் ஆகிவிட்டது. இப்படிப் பாத்திரம் சுருங்குவதற்கு அவர் பெயரையே ரசிகர்கள் வைத்துவிட்டார்கள். நாயகன் ஹோமரும் முன்கோபமும் குடும்பக் கவலையும் கொண்ட தந்தையாகத் தொடங்கி வெறும் கோமாளித்தனத்தை நோக்கிப் போனவர்தான்.

கட்டியக்காரனுக்கும் அந்த ஆபத்து வந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்து இசை நாடக மரபில் பபூன் தனிப் பாத்திரமாக வளர்ந்தான். பிறகு திரைப்படப் பாட்டும் இரட்டை அர்த்தப் பேச்சும் கூத்துக்களத்திலும் நுழைந்தன. இரவு முழுதும் நடந்த கூத்தை நகர மேடைக்காக ஓரிரு மணி நேரமாகச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவதும் கட்டியக்காரன் பேச்சுத்தான். ஒருபுறம் வெறும் கோமாளி, மறுபுறம் அறிமுகம் செய்துவிட்டு ஒதுங்கும் பழைய பணியாள். இவ்விரண்டுக்கும் நடுவில் இருந்த விமர்சகன்தான் காணாமல் போகிறான்.

மாற்று முயற்சிகளும் நடந்தன. 1977இல் ந. முத்துசாமி முன்னின்று தொடங்கிய கூத்துப்பட்டறை, புரிசை கண்ணப்பத் தம்பிரானிடமிருந்து கூத்து முறைகளைக் கற்று நவீன நாடகத்துக்குக் கொண்டுசென்றது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சையரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புரூனும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலம் (2002–2020), பள்ளிப் படிப்போடு கூத்தையும் சிறுவர் சிறுமியர் இருவருக்கும் கற்பித்தது. ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கூத்தில் பெண்களும் வேடம் கட்டினார்கள். பெண்களை மட்டம்தட்டிக் கைதட்டு வாங்கிய பழைய சிரிப்புகள் அவர்கள் நிற்கும் களத்தில் எடுபடா. கட்டியக்காரன் வேறு பேச்சுத் தேடவேண்டியிருந்தது.