சீதாதேவிக்கு யார் கையொப்பம் வைத்தது?

1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயர் சிலோனின் முதல் சேவை இரத்மலானையில் கிளம்பி, யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கி, மதராசுக்குப் போனது. இரண்டாம் உலகப் போருக்காகப் பிரிட்டிஷ் விமானப்படை பலாலியில் போட்ட ஓடுபாதை, டக்கோட்டா விமானம், பெயர் 'சீதாதேவி'. இராவணன் ஊரிலிருந்து இந்தியாவுக்குப் பறக்கிற பிளேனுக்கு அப்படிப் பெயர் வைத்தவர் நல்ல பகிடிக்காரராக இருக்கவேண்டும்.

நாங்கள் பலாலிக்குப் பக்கத்து வசாவிளான்காரர். பலாலிக் கதை சொல்லாத ஆள் எங்கள் வீட்டில் இல்லை. டிஸ்பாட்சர் லைசன்ஸுக்குப் படிக்கத் தொடங்கிய பிறகு எனக்கு வந்த கேள்வி வேறு: பாதை, காலநிலை, நிறை, எரிபொருள் எல்லாம் கணக்குப் பார்த்து, அன்றைக்கு 'போகலாம்' என்று சொன்னது யார்? அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இந்த வேலைக்கு அரச சான்றிதழ் வந்துவிட்டது. இன்றும் அங்கே பெரிய எயர்லைன்களின் அட்டவணைப்படியான பயணிகள் சேவைகளில் கப்டனும் டிஸ்பாட்சரும் இருவருமே ஒப்பமிட வேண்டும். ஆனால் லைசன்ஸ் பற்றிய சர்வதேச விதி, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் முதலாம் இணைப்பு, 1948 ஏப்ரலில்தான் நிறைவேறியது. சீதாதேவி நான்கு மாதம் முந்திவிட்டாள்.

இப்போது அந்த விதிப்படி டிஸ்பாட்சராக 21 வயதாவது ஆகியிருக்கவேண்டும். வான்சட்டம், வானிலை, வழிகாணல் என்று பாடங்கள் நீளும். எனக்குப் பிடித்தது எரிபொருள் கணக்கு. போகுமிடம் வரைக்கும் இருந்தால் போதாது. அங்கே இறங்க முடியாவிட்டால் மாற்று நிலையத்துக்குப் போகவும், அதற்கும் மேலே, டேர்பைன் விமானமென்றால் 1,500 அடியில் 30 நிமிடம் சுற்றவும் வேண்டும். கார்த்திகை மழை பார்த்த எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

உள்நாட்டுப் போர்க்காலத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. தரைப்பாதை அடைபட்டிருந்த நாட்களில் சனம் பலாலியால் கொழும்புக்குப் பறந்தது. 1998 செப்டெம்பர் 29 அன்று இரத்மலானைக்குக் கிளம்பிய லயன் எயரின் அன்டனோவ்-24, 55 பேரோடு மன்னார்க் கடலுக்கு மேலே சுட்டு வீழ்த்தப்பட்டது.

2019 ஒக்டோபர் 17இல் பலாலி சர்வதேச விமான நிலையமானது. கொரோனாவில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் திரும்பியது. 2025 மார்ச் 30இல் இன்டிகோ திருச்சியையும் சேர்த்தது. வரைபடத்தில் அளந்து பார்த்தேன்: பலாலியிலிருந்து திருச்சி ஏறக்குறைய 100 கடல்மைல், கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம் 150க்கும் மேல். சென்னையிலிருந்து வருகிற பிளேன் பலாலியில் இறங்கமுடியாவிட்டால் எங்கே போவது என்று என்னைக் கேட்டால், வானிலை சரியென்றால், முதலில் திருச்சி என்றுதான் எழுதுவேன்.