எருக்குழியும் உரத் தொழிற்சாலையும்

1889ஆம் ஆண்டின் இறுதியில் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்னும் இரசாயன நிபுணர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். இங்கிலாந்தின் ராயல் விவசாய சங்கத்தில் இரசாயன ஆலோசகராக இருந்தவர் அவர். இந்திய விவசாயத்தைத் திருத்துவதற்கு வழி யாது என்று ஆராய்ந்து கூறும் பொருட்டு அவரை அனுப்பியிருந்தார்கள். அனுப்பியவர்கள் இந்திய உழவனின் அறியாமையைப் பற்றி நீண்டதொரு பட்டியலை எதிர்பார்த்திருந்தால், ஏமாற்றமே அடைந்திருப்பார்கள். ஓராண்டுக்கு மேல் நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு 1893இல் வெளியிட்ட அறிக்கையில், இந்தியக் குடியானவன் சராசரி ஆங்கிலேய விவசாயிக்குக் குறைந்தவன் அல்லன், சில வகையில் மேலானவனும் ஆவான் என்ற கருத்தை அவர் தயக்கமின்றி எழுதினார். உழவனிடம் குறைந்திருந்தது அறிவு அன்று. நீரும் எருவுமே என்பது அவர் கண்ட முடிவு.

மாடுகளுக்குப் பஞ்சமில்லாத நாட்டில் எருவுக்கு ஏன் பஞ்சம்? சாணம் அடுப்புக்குப் போயிற்று. வறட்டி தட்டுவது உழவனின் மூடப் பழக்கம் என்று அதற்கு முன் பல அதிகாரிகள் எழுதி முடித்திருந்தனர். வோல்க்கர் அவ்வளவில் நிற்கவில்லை. விறகு கிடைக்கும் ஊர்களில் சாணம் வயலுக்குப் போவதையும், விறகு கிடைக்காத ஊர்களிலேயே அது அடுப்பில் எரிவதையும் அவர் கண்டார். ஆகையால் ஊர்களை ஒட்டி விறகுக்கும் தீவனத்துக்கும் காடு வளர்க்க வேண்டும் என்பது அவருடைய முக்கியமான யோசனை. எருவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு மரம் நடுமாறு பதில் சொன்ன இந்த மனிதரை, நம் உர வரலாற்றில் மிகத் தெளிந்த கண்ணுடையவர் என்று சொல்லத் தோன்றுகிறது.

அடுப்பு ஒன்றுதான் ஓட்டை என்பதும் இல்லை. எண்ணெய் வித்துக்களும் எலும்பும் கப்பலேறிக்கொண்டிருந்தன. வித்து ஏறும்போது பிண்ணாக்கும், எலும்பு ஏறும்போது பாஸ்பேட்டும் உடன் ஏறுகின்றன. அதற்கும் முந்திய நூற்றாண்டில் பீகாரின் வெடியுப்பு ஐரோப்பியப் படைகளின் துப்பாக்கி மருந்துக்காகப் போயிற்று. வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். பயிருக்கு அதைவிட விரைவாக உதவும் உணவு அரிது.

எரு காணாத நிலம் ஒரேயடியாகச் செத்துவிடுவதில்லை. இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் என்னும் இடத்தில் 1843இல் தொடங்கிய கோதுமைப் பரிசோதனையில், எந்த உரமும் இடாத பாத்தி ஒன்றும் உண்டு. அதன் விளைச்சல் தாழ்ந்து, ஹெக்டேருக்கு ஏறக்குறைய ஒரு டன் என்ற அளவில் போய் நின்றுகொண்டது. இந்திய விவசாயத்தை ஆராய்ந்த ராயல் கமிஷனும் 1928இல் இதே போன்ற முடிவுக்குத்தான் வந்தது. நம் பழைய நிலங்களில் பெரும்பாலானவை தாழ்ந்ததொரு நிலையில் சமன்பட்டுவிட்டன, இனி மேலும் இறங்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை என்று அது கருதியது. இறங்க இடமில்லை என்பதை ஆறுதலாகக் கொள்வதற்கு ராயல் கமிஷனாக இருக்க வேண்டும்!

அக்காலத்தில் இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டு என்பவர் வேறொரு முயற்சியில் ஈடுபட்டிருந்தார். 1905இல் பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து, தம் மனைவி கேப்ரியலுடன் சேர்ந்து புகழ்பெற்ற கோதுமை வகைகளை உருவாக்கியவர் அவர். 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணிபுரிந்தபோது, யஷ்வந்த் வாட் என்னும் இரசாயன அறிஞரின் துணையுடன் கம்போஸ்ட் முறை ஒன்றை ஒழுங்குபடுத்தினார். சருகு, களை, வைக்கோல், பருத்திக் கட்டை ஆகியவற்றைக் குழியில் பரப்பி, இடையிடையே கொஞ்சம் சாணமும், மாட்டுத் தொழுவத்தில் மூத்திரம் ஊறிய மண்ணும், அடுப்புச் சாம்பலும் சேர்த்து, நீர் தெளித்து, மூன்று முறை புரட்டினால் மூன்று மாதத்தில் நல்ல எரு கிடைக்கும். கடினமான பருத்திக் கட்டையைப் பண்ணைப் பாதையில் பரப்பி, போகிற வருகிற வண்டிச் சக்கரங்களைக் கொண்டே நசுக்கிக்கொண்டார்.

இம்முறையின் நுட்பம் சாணத்தைச் சிக்கனமாகச் செலவிட்டதில் இருக்கிறது. சாணம் இங்கே பாலுக்கு உறை மோர் போன்றது. எருவின் பெரும்பகுதி கழிவுத் தாவரம்தான். வைக்கோலை அப்படியே உழுதுவிட்டால் அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனையும் தமக்காக எடுத்துக்கொள்ள, பயிர் வெளிறிப்போகும். குழியில் மக்கவைத்த பின் இட்டால் அந்தத் தொல்லை இல்லை.

ஹோவர்டு 1940இல் வெளியிட்ட நூலில் இரசாயன உரத்தைக் கடுமையாகச் சாடினார். நைட்ரஜன், பாஸ்பேட், பொட்டாஷ் என்ற மூன்று பெயர்களுக்குள் மண்ணின் உயிரை அடக்கிவிட முடியாது என்பது அவர் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் அவர் கையாண்ட பண்ணையில் கழிவுத் தாவரம் தாராளமாகக் கிடைத்தது. இரண்டு ஏக்கர்க்காரன் வீட்டில் வைக்கோலை மாடு தின்றுவிடும், துவரைக் கட்டையை அடுப்பு தின்றுவிடும். குழிக்கு மிஞ்சுவது எவ்வளவு?

1943இல் வங்கத்தில் பெரும் பஞ்சம் வந்து இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். அவ்வாண்டில் தியோடர் கிரிகரி தலைமையில் கூடிய உணவு தானியக் கொள்கைக் குழு, இந்நாட்டிலேயே இரசாயன உரம் உற்பத்தியாக வேண்டும் என்று வற்புறுத்தியது. அதுவரை இங்கே இத்தொழில் மிகச் சிறியது. ராணிப்பேட்டையில் 1906 முதல் சூப்பர் பாஸ்பேட் உற்பத்தியாயிற்று. வெளிநாட்டிலிருந்து வந்த அம்மோனியம் சல்பேட் பெரும்பாலும் தேயிலைக்கும் கரும்புக்கும் போயிற்று. நெல்லும் கோதுமையும் அதன் சுவையை அறியவில்லை என்றே சொல்லலாம். 1947இல் ஆல்வாய்க்கு அருகே அம்மோனியம் சல்பேட் உற்பத்தி தொடங்கியபோது, அம்மோனியாவுக்கான வாயுவை விறகிலிருந்து எடுத்தார்கள். விறகு இல்லாததால் எரு இல்லை என்று வோல்க்கர் எழுதி அரை நூற்றாண்டு சற்றே கடந்த அளவில், உரத்துக்காகவே விறகை எரிக்கும் விசித்திரத்தையும் இந்நாடு கண்டுவிட்டது.

அடுத்து எழுந்தது சிந்திரி. ஆண்டுக்கு மூன்றரை இலட்சம் டன் அம்மோனியம் சல்பேட் என்ற அளவில் அது திட்டமிடப்பட்டது. கந்தகம் இந்நாட்டில் அரிதாகையால், ராஜஸ்தானத்து ஜிப்சத்தைக் கொண்டு சல்பேட்டை உண்டாக்கும் முறையைக் கையாண்டார்கள். 1951 அக்டோபர் இறுதியில் உற்பத்தி தொடங்கியது. 1952 மார்ச்சில் நேரு அவர்கள் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள்.

நேயர்கள் இங்கே ஒரு சிறு கணக்கைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நல்ல தொழு எருவில் நைட்ரஜன் நூற்றுக்கு அரைப் பங்கு. அதாவது ஒரு டன் எருவில் 5 கிலோ. யூரியாவில் நூற்றுக்கு 46. இப்போதைய 45 கிலோ மூட்டை ஒன்றில் ஏறக்குறைய 20 கிலோ நைட்ரஜன் அடங்கும். எனவே ஒரு மூட்டைக்கு ஈடாக நான்கு டன் எருவை, வண்டிக்கு அரை டன் வீதம் எட்டு வண்டியை, வயலுக்கு ஓட்ட வேண்டும். அதிலும் முழு நைட்ரஜன் முதற் போகத்துக்குக் கிட்டாது. ஒரு டன் நெல் விளைவதற்கோ, வைக்கோலையும் சேர்த்து 20 கிலோ அளவில் நைட்ரஜன் வேண்டும். பெருகும் மக்கட்தொகைக்குச் சோறிட எருவை மட்டும் நம்ப முடியாது என்று அன்று திட்டமிட்டவர்கள் கருதியதற்கு இந்தக் கணக்கே ஆதாரம்.

மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவனுக்கு இவ்விடத்தில் ஒரு சொல் இடறும். ஹிந்தியில் காத் என்றும் உர்வரக் என்றும் இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு எருவையும் தொழிற்சாலைச் சரக்கையும் பிரித்துவிடுகிறார்கள். தமிழில் எரு என்பது தொழுவத்தோடு நின்றுவிட, வலிமை என்று பொருள்படும் உரம் இரண்டுக்கும் பொதுவாயிற்று. ஆகவே இயற்கை என்றும் இரசாயனம் என்றும் அடைமொழி சேர்க்க நேர்ந்தது. அடைமொழி சேர்ந்ததும் கட்சியும் சேர்ந்துகொண்டது. பயிரின் வேர் இந்தக் கட்சிகளை அறியாது. எருவிலுள்ள நைட்ரஜனும் நுண்ணுயிர்களால் அம்மோனியமாகவோ நைட்ரேட்டாகவோ மாறிய பிறகே பெரும்பாலும் வேரினுள் புகுகிறது. ஆனால் எரு மண்ணைப் பொலபொலப்பாக்குகிறது, ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, துத்தநாகம் போன்ற நுண் சத்துக்களையும் உடன் கொண்டுவருகிறது. மூட்டை இவற்றைச் செய்வதில்லை.

மூட்டை வந்துவிட்டதால் மட்டும் விளைச்சல் பெருகிவிடவும் இல்லை. நம் பழைய நெல்லும் கோதுமையும் உயரமானவை. நைட்ரஜன் மிகுந்தால் கதிர் முற்றும் சமயத்தில் சாய்ந்துவிடும். எரு மெல்ல மெல்லத் தந்த உணவுக்குப் பழகிய பயிர்கள் அவை. இதை உணர்ந்து, கட்டாக்கில் கே. ராமையா அவர்கள் ஜப்பானிய நெல்லையும் இந்திய நெல்லையும் இணைக்கும் பெருந்திட்டத்துக்கு வழிவகுத்தார். அவ்வகையில் பிறந்ததே தஞ்சை வயல்களில் பரவிய ஆடுதுறை 27. கோதுமைக்கு விடை மெக்சிகோவிலிருந்து வந்தது. 1966இல் 18,000 டன் குட்டை ரக விதை இறக்குமதியாயிற்று. 1965இல் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1968இல் 1.6 கோடி டன்னைத் தாண்டியது. 1951-52இல் மூன்று சத்துக்களும் சேர்ந்து 70 ஆயிரம் டன்னுக்கு மேற்படாத உரச் செலவு, 2020-21இல் 3 கோடி டன்னைக் கடந்துவிட்டது.

யார் சொன்னது சரி என்ற கேள்விக்கு நூல்களைவிடப் பாத்திகளே தெளிவாக விடையளித்தன. கோயம்புத்தூரில் 1909இல் நிரந்தர உரப் பரிசோதனை தொடங்கியது. 1970இல் இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகம் அகில இந்திய அளவில் இத்தகைய பரிசோதனைகளைப் பல நிலையங்களில் ஏற்படுத்தி, ஆண்டு தவறாமல் ஒரே பாத்திக்கு ஒரே உரத்தை இட்டு வந்தது. இமயமலை அடிவாரத்திலுள்ள பாலம்பூரில் மக்காச்சோளமும் கோதுமையும் மாறி மாறிப் பயிரிட்ட பாத்திகளில், நைட்ரஜன் மட்டும் இடப்பட்டது நாளடைவில் புளித்து, விளைச்சல் ஏறக்குறைய அற்றேபோயிற்று. ஒன்றுமே இடாத பாத்தி அதைவிட மேல்! மூன்று சத்துக்களையும் அளவாக இட்டுத் தொழு எருவும் சேர்த்த பாத்திகளே பெரும்பாலான நிலையங்களில் நிலையாக மிகுந்த விளைச்சல் தந்தன. புளித்த மண்ணில் சுண்ணாம்பும் பலன் அளித்தது.

இந்த முடிவு தெரிந்த பிறகும் நாட்டின் உரச் செலவு வேறு திசையில் போயிற்று. 1992 ஆகஸ்டில் பாஸ்பேட், பொட்டாஷ் உரங்களின் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. யூரியாவின் விலை மட்டும் சர்க்காரின் பிடியில் நின்றது. விலை மலிந்ததை உழவன் அள்ளி இட்டான். அவனைக் குறை கூறுவதற்கில்லை; பாலம்பூர்ப் பாத்தியை அவன் கண்டதில்லை, கடைக்காரன் சொன்ன விலையைத்தான் கேட்டான்.

வோல்க்கரின் அடுப்புக்கும் ஒரு பரிகாரம் தோன்றாமல் இல்லை. பூசா நிலையம் நிலநடுக்கத்துக்குப்பின் டில்லிக்கு இடம்பெயர்ந்த பிறகு, 1939இல் எஸ். வி. தேசாய் அங்கே சாணத்திலிருந்து எரிவாயு எடுக்கும் பரிசோதனையைச் செய்தார். வாயு அடுப்புக்கு, எஞ்சிய குழம்பு வயலுக்கு. நைட்ரஜன் புகையாகப் போவதில்லை. 1960களில் கதர் கிராமத் தொழில் கமிஷன் இக்கலன்களைப் பரப்ப முற்பட்டது. நாலைந்து மாடும் போதிய நீரும் உள்ள வீட்டுக்கே அது ஏற்றதாகையால், ஏழையின் அடுப்பை எட்டவில்லை. டில்லியிலிருந்து மீரட் பக்கம் இரயிலில் செல்வோர், வறட்டியை வீடுபோல் அடுக்கி மேலே மெழுகிவைத்த கூம்புகளை இன்றும் வழியெங்கும் காணலாம்.

பஞ்சாபிலும் ஹரியானாவிலும் கதை திரும்பிவிட்டது. அங்கே எரிவது வைக்கோல். அறுவடை யந்திரம் நெல்லை எடுத்துக்கொண்டு தாளை வயலில் விட்டுவிடுகிறது. அக்டோபரில் நெல் அறுத்து நவம்பரில் கோதுமை விதைக்க இடையில் கிடைப்பது இரண்டு மூன்று வாரம். ஹோவர்டின் குழிக்கு வேண்டியது மூன்று மாதம். அந்த வைக்கோலைக் கட்டி எடுக்க ஆளும் இல்லை, கூலியும் கட்டாது. ஆகவே தீ வைக்கிறார்கள். அடித்தாளைப் பெயர்க்காமல் அதனூடே கோதுமை விதைக்கும் யந்திரங்கள் வந்துள்ளன. ஆண்டுக்குச் சில நாட்களே உழைக்கும் ஒரு யந்திரத்தைச் சிறு விவசாயி விலைக்கு வாங்குவது கடினம். வாடகைக்கு எடுக்கலாமென்றாலோ, எல்லா வயலும் ஒரே வாரத்தில் அதை எதிர்பார்த்து நிற்கின்றன.

சிந்திரித் தொழிற்சாலை 2002இல் மூடப்பட்டது. அவ்விடத்திலேயே எழுந்த புதிய யூரியா ஆலை 2024 மார்ச்சில் தொடங்கி வைக்கப்பட்டது.