மனுக் கட்டும் ஒரு பிடிவாதக் கிழவரும்

ஜனாதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர் அதன்பிறகு என்ன செய்வார்? சுயசரிதை எழுதலாம், பேரக்குழந்தைகளோடு விளையாடலாம், தோட்டம் போடலாம். சாதாரண எம்.பி. பதவிக்கு மறுபடி தேர்தலில் நிற்பாரா? ஒருத்தர் நின்றார்!

அவர் ஜான் க்வின்ஸி ஆடம்ஸ். அமெரிக்காவின் ஆறாவது ஜனாதிபதி. இரண்டாவது ஜனாதிபதி ஜான் ஆடம்ஸின் மகன். 1828 தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்ஸனிடம் தோற்று, மூட்டை முடிச்சோடு மாஸசூஸெட்ஸுக்குத் திரும்பினார். இரண்டே வருஷத்தில் ஊர்க்காரர்கள் வந்து, ‘எங்கள் தொகுதிக்கு நீங்கள் நில்லுங்களேன்’ என்றார்கள். மனைவிக்கும் மகனுக்கும் துளியும் இஷ்டமில்லை. மாஜி ஜனாதிபதி போய் பத்தோடு பதினொன்றாக உட்காருவதா? மக்களுக்காக எந்த வேலை பார்த்தாலும் அது கௌரவக் குறைச்சல் ஆகாது என்று சொல்லிவிட்டார் ஆடம்ஸ். 1831 டிசம்பரில் பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்தபோது அவருக்கு வயது 64!

அந்தக் காலத்தில் சபையில் திங்கட்கிழமை என்றால் மனு நாள். மாநிலங்களை வரிசையாகக் கூப்பிடுவார்கள். அந்தந்த ஊர் உறுப்பினர் எழுந்து, தன்னிடம் வந்த மனுக்களைச் சமர்ப்பிக்க வேண்டும். பென்ஷன் வேண்டும், துறைமுகம் வேண்டும், வரி குறைய வேண்டும்... இப்படி. டிசம்பர் 12, திங்கட்கிழமை. ஆடம்ஸ் 15 மனுக்களோடு எழுந்தார். பென்சில்வேனியாக்காரர்கள் அனுப்பியவை. தலைநகர் வாஷிங்டனில் அடிமை முறையை ஒழிக்கவேண்டும் என்று கேட்டவை!

அதென்ன, தலைநகரில் மட்டும்? இங்கேதான் சூட்சுமம். அடிமை வைத்துக்கொள்வதா கூடாதா என்பது அந்தந்த மாநிலத்தின் பாடு, காங்கிரஸ் அதில் தலையிட முடியாது. ஆனால், தலைநகர் எந்த மாநிலத்துக்கும் சொந்தமில்லை. அதை ஆள்வது காங்கிரஸ். ஆகவே, அங்கே கைவைக்கலாம்! தென் மாநில உறுப்பினர்களுக்கு வயிற்றைக் கலக்கியது அதனால்தான். அவர்களுக்கு சபையில் பலமும் ஜாஸ்தி. காரணம், ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்குப் போட்டு தொகுதிகள் ஒதுக்கியிருந்தது அரசியல் சட்டம். அடிமைக்கு ஓட்டு கிடையாது. ஆனால் அவன் தலையை எண்ணி எஜமானர்களுக்குக் கூடுதல் ஸீட்! எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்...

ஒன்றைச் சொல்லியாகவேண்டும். ஆடம்ஸ் அப்போது அடிமை ஒழிப்பு இயக்கத்துக்காரர் அல்ல. அன்று மனுக்களைக் கொடுத்த கையோடு, ‘இந்தக் கோரிக்கையை நான் ஆதரிக்கவில்லை’ என்றும் சொன்னார். மக்கள் எழுதிக் கொடுத்தால் சபை அதை வாங்கிப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் அவர் கட்சி.

மனுக்கள் பெருகின. 1836 மே மாதம் தென் மாநிலத்தவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள்: அடிமை முறை பற்றிய எந்த மனு வந்தாலும் அச்சடிக்கக்கூடாது, கமிட்டிக்கு அனுப்பக்கூடாது, அப்படியே கிடப்பில் போடவேண்டும். ‘என் வாயை அடைக்கிறீர்களா, இல்லையா?’ என்று கத்தினார் ஆடம்ஸ். பேசவே விடவில்லை. 117-க்கு 68 ஓட்டில் தீர்மானம் நிறைவேறியது. சரித்திரத்தில் அதற்குப் பெயரே ‘வாய்ப்பூட்டு விதி’!

பூட்டுப் போட்டதன் பலன்? அதுவரை அடிமைகளைப் பற்றிக் கவலைப்படாத வடக்கத்தி ஜனங்கள்கூட, ‘எங்கள் மனுவை வாங்கமாட்டேன் என்று சொல்ல நீ யார்?’ என்று கையெழுத்துப் போட ஆரம்பித்தார்கள். பெண்களுக்கு அங்கே அன்று ஓட்டுரிமை கிடையாது. கையெழுத்து வேட்டையில் முன்னால் நின்றவர்கள் அவர்கள்தான்! ஆடம்ஸின் மேஜையில் மனுக்கள் மலையாகக் குவிந்தன. விடியுமுன் எழுந்து, தானே கணப்பை மூட்டி, டைரி எழுதி, அன்றைய மனுக்களை அடுக்கிக்கொண்டு சபைக்குப் போவார். (அந்த டைரியை ஆரம்பித்தது 12 வயதில். மொத்தம் 14,000 பக்கங்களுக்கு மேல்!)

1837 பிப்ரவரி 6. அதுவும் திங்கட்கிழமை. ஆடம்ஸ் எழுந்து அப்பாவியாக ஒரு சந்தேகம் கேட்டார்: ‘என்னிடம் ஒரு மனு இருக்கிறது. 22 பேர் அடிமைகள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இது அந்த விதிக்குள் வருமா?’ சபாநாயகர் ஜேம்ஸ் போல்க் திகைத்துப்போனார். அடிமைகள் மனுப்போடுவதா! சபையில் ஒரே அமளி. மனுவை எரிக்கவேண்டும் என்றார் ஒருவர். ஆடம்ஸைக் கண்டிக்கவேண்டும், வழக்குப் போடவேண்டும் என்று ஆளாளுக்குக் கூச்சல். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு கிழவர் நிதானமாகச் சொன்னார்: ‘மனுவில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கவே இல்லையே. அடிமை முறையை ஒழிக்கவேண்டாம் என்றல்லவா எழுதியிருக்கிறார்கள்!’

அவரைக் கேலி செய்ய எஜமானர்களே தயார் செய்த மனு அது என்று அவருக்கே சந்தேகம். பொறியை எடுத்து, வைத்தவர்கள் காலுக்கே வைத்துவிட்டார்!

1842-ல் நிஜமான ஆபத்து வந்தது. ஹேவரில் என்ற ஊரிலிருந்து 46 பேர், நாட்டையே அமைதியாகப் பிரித்துவிடுங்கள் என்று மனு எழுத, அதையும் கொண்டுவந்தார் ஆடம்ஸ். ‘இதை ஏன் ஏற்கமுடியாது என்று விளக்கி பதில் அனுப்புவோம்’ என்பது அவர் யோசனை. தேசத்துரோகம் என்று கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். 74 வயது மாஜி ஜனாதிபதி குற்றவாளிக் கூண்டில் நின்றமாதிரி ஆகிவிட்டது. சும்மா விடுவாரா மனுஷர்! முதல் வேலையாக, சுதந்திரப் பிரகடனத்தின் ஆரம்ப வரிகளை வாசிக்கச் சொன்னார். அரசைத் திருத்தவும் மாற்றவும் மக்களுக்கு உரிமை உண்டு என்று சொல்வது அதுதானே! அப்புறம் நாள்கணக்கில் ஒவ்வொருவரையும் வறுத்தெடுத்தார். கடைசியில், இது எப்போது முடியும் என்று எதிராளிகளுக்கே அலுத்துப்போனது. பிப்ரவரி 7 அன்று கண்டனத் தீர்மானத்தையே கிடப்பில் போட்டார்கள். ஆடம்ஸ் மறுபடி மனுக் கட்டைப் பிரித்தார்...

1844 டிசம்பர் 3 அன்று, 108-க்கு 80 ஓட்டில் வாய்ப்பூட்டு விதி ரத்தானது. எட்டு வருஷப் போராட்டம். அன்றிரவு டைரியில் கடவுளுக்கு நன்றி எழுதினார்.

பூட்டுதான் உடைந்தது, அடிமை முறை அப்படியே இருந்தது. மனுக்களை வாங்கினார்களே தவிர, தலைநகரில்கூட எதுவும் மாறவில்லை.

1848 பிப்ரவரி 21. அன்றும் திங்கட்கிழமைதான்! மெக்ஸிகோ போரில் ஈடுபட்ட தளபதிகளைப் பாராட்டும் தீர்மானம் வந்தது. அந்தப் போரே அநியாயம் என்பது ஆடம்ஸின் கருத்து. ‘இல்லை’ என்று உரக்க ஓட்டுப் போட்டார். சற்று நேரத்தில் இருக்கையிலேயே சரிந்தார். சபாநாயகரின் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் கழித்து அங்கேயே உயிர் பிரிந்தது.

இறுதிச் சடங்கு ஏற்பாடுகளுக்கு ஒரு கமிட்டி போட்டார்கள். அதில், முதல்முறை ஜெயித்து வந்திருந்த இல்லினாய்ஸ் உறுப்பினர் ஒருவரும் இருந்தார். பெயர் ஆபிரகாம் லிங்கன். தலைநகர் வாஷிங்டனில் அடிமைகளை விடுவிக்கும் சட்டத்தில், 1862 ஏப்ரல் 16 அன்று ஜனாதிபதியாகக் கையெழுத்துப் போட்டவர்!