மாட்ரிட் துரத்திய காளை அரங்கம்

மாட்ரிட்டின் அல்கலா வாயிலைப் படமெடுக்காமல் எந்தச் சுற்றுலாப் பயணியும் ஊர் திரும்புவதில்லை. 1778-இல் முடிந்த அந்த வாயிலுக்கும் மூத்தது, அதன் பக்கத்திலேயே நின்ற காளைப் போர் அரங்கம். இன்று அங்கே செரானோ தெருவும் விலையுயர்ந்த துணிக்கடைகளும்தான் இருக்கின்றன.

1749-இல் ஆறாம் ஃபெர்னாண்டோ மன்னர் அதைக் கட்டிப் பொது மருத்துவமனைக்குக் கொடுத்தார். அரங்கின் வருமானம் மருத்துவமனைக்கு; காளை செத்தால் நோயாளிக்குக் கஞ்சி: அதுதான் ஏற்பாடு. அந்த மருத்துவமனைக் கட்டடம் இப்போது ரெய்னா சோஃபியா அருங்காட்சியகம். பிக்காசோவின் ‘குவெர்னிக்கா’ ஓவியத்தில் வரும் காளையைப் பார்க்க மக்கள் வரிசையில் நிற்பது அங்கேதான்.

1801 மே 11 அன்று இந்த அரங்கில் காளைப் போர் வீரர் பெப்பே-இல்யோவை ‘பார்புதோ’ என்ற காளை குத்திக் கொன்றது. காளைப் போரின் இலக்கண நூல் ஒன்று ஐந்தாண்டுகளுக்கு முன்புதான் அவர் பெயரில் வெளிவந்திருந்தது. அவருடைய சாவை ஓவியர் கோயா செப்புத் தகட்டில் செதுக்கினார். 1816-இல் வெளியான அவருடைய காளைப் போர்ச் சித்திர வரிசை அந்தச் சாவோடுதான் முடிகிறது.

அரங்கைக் கட்டியபோது அது ஊருக்கு வெளியே இருந்தது. ஊர் அங்கேயே நிற்கவில்லை. 1860-இல் நகர விரிவாக்கத் திட்டம் வந்தது, வங்கியாளர் சலமாங்கா பிரபு மாடி வீடுகளை எழுப்பத் தொடங்கினார், 1868-இல் பழைய மதில் விழுந்தது. 1871-இல் கோவேறு கழுதைகள் இழுத்த டிராம் அந்தப் பக்கம் ஓடிய பிறகு, மாடு குத்த விட்டுவைக்கும் விலையிலா இருந்திருக்கும் மனை? 1874-இல் அரங்கை இடித்தார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில், இன்னும் கிழக்கே அரகோன் சாலையில் புதிய அரங்கம் திறந்தது. செங்கல் கட்டடம், அரபுப் பாணி லாட வளைவுகள், பதின்மூவாயிரம் பேர் வரை உட்காரலாம். காளைப் போர் வீரர்களான எஸ்பார்த்தேரோ 1894-இலும் கிரானேரோ 1922-இலும் மாண்டது இங்கேதான். இன்னொரு வீரரான ஹொசெலீட்டோவின் கதை வேறு. 1920 மே 15 அன்று மாட்ரிட் கூட்டம் அவரை ஏசித் தீர்த்தது. மறுநாள் தலவேரா என்ற ஊரில் காளை குத்தி இறந்தார், வயது 25. ஏசிய அதே ஊர் அவருக்காக அழுதது.

பெரிய அரங்கம் கட்டினால் ஏழைக்கும் மலிவாகச் சீட்டு கிடைக்கும் என்று வாதாடியவர் ஹொசெலீட்டோ. அந்த யோசனையிலிருந்து வளர்ந்ததுதான் இன்னும் கிழக்கே 1931-இல் எழுந்த லாஸ் வெந்தாஸ் அரங்கம். இம்முறை நகரம் முந்திக்கொண்டது: 1924-லேயே மெட்ரோ ரயில் அங்கே எட்டிவிட்டது. சுமார் 23,000 இருக்கைகள் கொண்ட அந்த அரங்கம் முழுமையாக இயங்கத் தொடங்கியதும், அரகோன் சாலை அரங்கை 1934-இல் இடித்துத் தள்ளினார்கள்.

காலி மனையில் 1960-இல் உள்விளையாட்டு அரங்கம் வந்தது. 2001-இல் தீப்பிடித்து எரிந்த அதை மீண்டும் கட்டி 2005-இல் திறந்தார்கள். இப்போது அங்கே கூடைப்பந்தும் பாட்டுக் கச்சேரிகளும் நடக்கின்றன.