மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஆகாயம் ஏறிய கதை

கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் புல்லட்டில் ஏறி ஊட்டிக்கு வந்தவர்களுக்கு இது தெரியும்: மசினகுடியில் முறுக்கோடு கிளம்பிய வண்டி, தலைக்குந்தாவைத் தொடும்போது தளர்ந்துபோயிருக்கும். ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினின் சக்தியும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு இறங்கிவிடும். மலையேறவே திணறும் இந்த வகை எஞ்சினை நம்பித்தான் ஒரு காலத்தில் மனிதர்கள் பறந்தார்கள்.

1909 ஜூலை 25 அன்று லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்தார். அவருடைய 25 குதிரைத்திறன் எஞ்சினைச் செய்தவர் அலெஸாண்ட்ரோ அன்ஸானி, மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். மறுவருடமே மதராஸ் மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ், சிம்சன் கம்பெனியில் சொந்தமாக விமானம் கட்டிப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். நம் மண்ணில் இந்த ஆசை அவ்வளவு சீக்கிரம் முளைத்துவிட்டது.

ஆனால் சாமானியர்களை விமானம் கட்ட வைத்தவர் பிரான்ஸின் ஆன்றி மின்யே. 1933இல் அவர் பறக்கவிட்ட எச்.எம்.14 என்ற குட்டி விமானத்தில் இருந்தது 500 சிசி டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் எஞ்சின். மறுவருடம் செய்முறையைப் புத்தகமாகவே போட்டார். ஆங்கிலத்தில் அந்த விமானத்துக்கு 'ஃப்ளையிங் ஃப்ளீ', பறக்கும் தெள்ளுப்பூச்சி, என்று பெயர். பெட்டி அடிக்கத் தெரிந்தவன் விமானமும் கட்டலாம் என்ற நம்பிக்கை ஐரோப்பா முழுக்கப் பரவியது.

கட்டுவதைவிடக் கஷ்டம் எஞ்சினைப் பழக்குவது. ரோட்டில் எஞ்சின் முழு வேகத்தில் ஓடுவது கொஞ்ச நேரம்தான். இறக்கம் வந்தால் ஓய்வு உண்டு. விமானம் மேலேறும்போது த்ராட்டிலைக் குறைக்கவே முடியாது. சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் சக்தி தரும். புரொப்பல்லரோ மெதுவாகச் சுற்றினால்தான் நன்றாக இழுக்கும். ஆகவே நடுவில் செயினோ பல்சக்கரமோ வைத்து வேகத்தைக் குறைப்பார்கள். புரொப்பல்லர் தன் ஷாஃப்டையே முன்னால் இழுப்பதால், அந்த இழுவையைத் தாங்கத் தனி பேரிங் வேண்டும். ஒரு பிளக் செத்தாலும் இறங்கிவிடக் கூடாதென்று சிலர் சிலிண்டருக்கு இரண்டு பிளக் வைத்தார்கள். கியர்பாக்ஸுக்கு வேலையே இல்லை. இங்கிலாந்தின் ஸ்காட் கம்பெனி இதற்கென்றே சிலிண்டர்கள் கீழ்நோக்கித் தொங்கும் எஞ்சின் ஒன்றைச் செய்து, தன் மோட்டார் சைக்கிளின் பெயரான 'ஃப்ளையிங் ஸ்குரல்' என்பதையே அதற்கும் வைத்தது.

பிறகு ஃப்ளையிங் ஃப்ளீ விபத்துகளில் உயிர்கள் போயின. காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோது காரணம் தெரிந்தது: மூக்கு ஓர் அளவுக்கு மேல் கவிழ்ந்தால், முன்னும் பின்னுமாக நெருங்கியிருந்த இரண்டு இறக்கைகள் அதை நிமிர விடவில்லை. பழி எஞ்சின் மேல் இல்லை. இருந்தாலும் அந்த விமானத்தோடு சேர்ந்து அதுவும் மூலைக்குப் போனது.

பெயர் மட்டும் ரோட்டுக்குத் திரும்பி வந்தது. இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படையினரோடு வானிலிருந்து இறக்கப்பட்ட ராயல் என்ஃபீல்டின் 125 சிசி வண்டியின் எடை அறுபது கிலோவுக்கும் குறைவு. அதையும் 'ஃப்ளையிங் ஃப்ளீ' என்றே அழைத்தார்கள். அதே கம்பெனியின் பெயரில் 1955இல் திருவொற்றியூரில் தொழிற்சாலை கட்டும் வேலை தொடங்கியது. 2024இல் தன் மின்சார மோட்டார் சைக்கிளுக்கும் ராயல் என்ஃபீல்டு அந்தப் பெயரைத்தான் சூட்டியது.

நீலகிரியில் எஸ்டேட் வைத்திருப்பவர்களுக்கும் பழைய பங்களாக்களைக் காலி செய்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். துரைமார் காலத்து ஷெட்டில் கிடக்கும் பழைய எஞ்சினைக் காயலாங்கடைக்கு எடைக்குப் போடுவதற்கு முன் துடைத்துப் பாருங்கள். கியர்பாக்ஸை வெட்டியெடுத்த தடம், சிலிண்டருக்கு இரண்டு பிளக், ஷாஃப்ட் முனையில் வட்டமாக போல்ட் துளைகள் போட்ட தடித்த தட்டு: இவற்றில் ஏதாவது இருந்தால் அது விமானத்துக்குப் போன எஞ்சினாக இருக்கலாம்; எஞ்சின் நம்பரைப் படமெடுத்து வையுங்கள். கோவையில் ஜீடி கார் மியூசியம் இருக்கிறது. அங்கே போய்க் காட்டி விசாரியுங்கள்.